பண்டாரவளையில் ஸ்டீரியோ செட்டுக்கு சர்ஜ் பாதுகாப்பு: போர்டிலா, எக்ஸ்டென்ஷன் கோட்டிலா, ப்ளக்கைக் கழற்றுவதா?

ஊவா பாஸ்:
வீடு பண்டாரவளைக்கு வெளியே, மேட்டுல. சிங்கிள் ஃபேஸ் 30 ஆம்பியர் லைன், கம்பத்துல இருந்து தொங்கி வர்ற ஒயர். ஆம்ப், டிஏசி (டிஜிட்டல் சிக்னலை ஆம்புக்கு ஏத்த மாதிரி மாத்துற பெட்டி), டிவி, டிஷ் பெட்டி, ஃபைபர் ரவுட்டர் எல்லாம் ஒரே மேசையில. 10 அங்குல சப்வூஃபர் மட்டும் எதிர்ச் சுவர் ப்ளக்ல. ஒக்டோபர் வந்தா மத்தியானத்துக்குப் பிறகு இடி தொடங்கிடும். அப்போ லைன்ல வோல்டேஜ் திடீர்னு துள்ளும், அதுதான் சர்ஜ். அதுக்குக் கடையில 2000 ஜூல் சர்ஜ் எக்ஸ்டென்ஷன் கோட் ஒண்ணு, 4000 ஜூல் ஒண்ணு, கூடவே ஸ்டெபிலைசரும் காட்டுறாங்க. எதை எடுக்கலாம்?

தலவாக்கலை வயர்மேன்:
போர்டுல எஸ்பிடி, மேசையில கோட், ஸ்டெபிலைசர், மூணையும் வைங்க தம்பி. முதல்ல மெயின் போர்டுல டைப் 2 எஸ்பிடி, அதாவது லைன் வழியா வர்ற சர்ஜைத் திருப்பி விடுற கருவி. பெட்டியில பார்க்க வேண்டியது: யூசி, அதாவது தொடர்ந்து தாங்குற வோல்டேஜ், 275 அல்லது 320 வோல்ட் (320 எடுங்க, நம்ம லைன்ல ராத்திரியில வோல்டேஜ் ஏறும்), ஐமேக்ஸ் (தாங்குற உச்ச சர்ஜ் கரண்ட்) 40 கிலோ ஆம்பியர், யூபி (சர்ஜ் வரும்போது தாண்டி விடுற வோல்டேஜ்) 1.5 கிலோவோல்ட் அல்லது அதுக்குக் கீழ. இணைப்பு 1+1னு போட்டிருக்கணும். அதாவது லைவுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல எம்ஓவி (வோல்டேஜ் மீறினா மட்டும் கரண்டைக் கடத்துற வட்டு), நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஸ்பார்க் கேப் (பெரிய வோல்டேஜுக்கு மட்டும் பொறி பாயுற இடைவெளி).

மாட்டுற இடம் மெயின் சுவிட்சுக்குப் பிறகு, ட்ரிப் சுவிட்சுக்கு (எர்த்துக்குக் கரண்ட் கசிஞ்சா விழுறது) முன்னால. ட்ரிப் சுவிட்சுக்குப் பின்னால போட்டா ஒவ்வொரு மின்னலுக்கும் அது விழும், சில நேரம் உள்ளே கான்டாக்ட் ஒட்டிக்கும்.

குழாய் ஆம்ப்:
வயர்மேன் அண்ணே, எர்த் எங்க இருக்கு? நம்ம மலையில ரெண்டடி தோண்டினா கருங்கல். 1.2 மீட்டர் ராடை பாதி அடிச்சிட்டு மீதியை ஹாக்ஸோவால அறுத்துட்டுப் போற இடம் இது. மண்ணோட மின்தடை 500 ஓம் மீட்டர்னு வைங்க. 16 மில்லிமீட்டர் ராட் முழுசா இறங்கினாலும் கணக்குப்படி 350 ஓம் சொச்சம். அதுக்குள்ள ஒரு கிலோ ஆம்பியர் போனா மூன்றரை இலட்சம் வோல்ட். எந்த எஸ்பிடி தாங்கும்? காசைக் கொட்டாம, இடி கேட்டா ப்ளக்கைக் கழற்றுங்க.

மின்னோடி:
கணக்கு சரி, முடிவு தப்பு. ஆம்புக்கு பூமி எத்தனை வோல்ட்ல இருக்குன்னு தெரியாது. தனக்குள்ள வர்ற ஒயர்களுக்கு நடுவுல எவ்வளவு வித்தியாசம்ங்கிறதுதான் அதை எரிக்கும். லைவ், நியூட்ரல், எர்த், டிஷ் கேபிள் நாலும் ஒண்ணா மூன்றரை இலட்சத்துக்கு ஏறி ஒண்ணா இறங்கினா செட்டுக்கு ஒண்ணும் ஆகாது. ஒண்ணு மட்டும் பின்தங்கினா அங்கதான் புகை. 350 ஓம் எர்த்துலயும் எஸ்பிடி வேலை செய்யும், எல்லா ஒயரையும் ஒரே இடத்துல கட்டிப்போட்டா.

அதே எர்த்துதான் 1+1 கேட்கிறதுக்கும் காரணம். விலை குறைவுன்னு லைவுக்கும் எர்த்துக்கும் நேரா வெறும் எம்ஓவி வைக்கிறாங்க. அது வயசாகி ஷார்ட் ஆனா 230 வோல்ட் 350 ஓமுக்குள்ள போகும், 0.7 ஆம்பியர்கூட வராது. அதுக்கு ஃபியூஸ் போகாது, எம்சிபி (கரண்ட் மீறினா விழுற சுவிட்ச்) விழாது. ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால இருக்கிறதால அதுவும் கவனிக்காது. வீட்டுல எர்த் தொட்ட இரும்பெல்லாம் லைவ் ஆகி நிக்கும். 1+1ல எம்ஓவி ஷார்ட் ஆனா நியூட்ரல் வழியா பெரிய கரண்ட் ஓடி எம்சிபி விழுந்திடும்.

தலவாக்கலை வயர்மேன்:
அதை நல்லா வாசிங்க எல்லாரும். கடையில இதைக் கேட்டா பாதிப் பேருக்கு விளங்காது.

எர்த்தைப் பற்றி: கல்லுல ராட் இறங்காட்டி அரை மீட்டர் ஆழத்துல 10 மீட்டர் வாய்க்கால் வெட்டி செம்புக் கம்பியைப் படுக்க வைங்க. அதே 500 ஓம் மீட்டர் மண்ணுல அது ஏறக்குறைய 100 ஓம். ரெண்டு ராட் பக்கத்துல பக்கத்துல அடிக்கிறதை விட இது மேல். உப்பும் கரியும் போடாதீங்க, மழையில உப்பு கழுவிப் போயிடும், செம்பு அரிச்சுப் போயிடும். பென்டோனைட் களிமண் கிடைச்சா அதைப் போடுங்க.

குழாய் ஆம்ப்:
சரி, போர்டுல கட்டியாச்சு. மேசை போர்டுல இருந்து 12 மீட்டர் தள்ளி இருந்தா?

மின்னோடி:
அங்கதான் கோட் வேணும். 10 மீட்டருக்கு மேல போனா ரெண்டாவது பாதுகாப்பு செட்டுக்குப் பக்கத்துலயே இருக்கணும். ஒயர் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோ ஹென்ரி. கரண்ட் ஒரு மைக்ரோ செக்கனுக்கு ஒரு கிலோ ஆம்பியர் வேகத்துல ஏறினா மீட்டருக்கு ஒரு கிலோவோல்ட் அதுலயே விழும். போர்டுல எஸ்பிடியோட கால் ஒயர் நீளத்தைக் குறைக்கச் சொல்றதும் இதுக்குத்தான். லைவ்ல இருந்து எஸ்பிடி, அதுல இருந்து எர்த் பார், ரெண்டும் கூட்டி 50 சென்டிமீட்டருக்குள்ள. 6 சதுர மில்லிமீட்டர் செம்பு. மிச்ச ஒயரைச் சுருட்டி உள்ளே திணிச்சா யூபி 1.5ங்கிறது வெறும் எழுத்துதான்.

இனி அந்த சப்வூஃபர். மேசையில இருக்கிற கோட், சர்ஜை தன் எர்த் ஒயர்ல தள்ளும்போது மேசையோட எர்த் சில கிலோவோல்ட் துள்ளும். எதிர்ச் சுவர் ப்ளக் துள்ளாது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது ஆர்சிஏ கேபிளோட ஷீல்ட் மட்டும். அது வழியாத்தான் ஓடும், சப்வூஃபரோட இன்புட் ஐசி போயிடும். எதிர்ச் சுவர்ல இன்னொரு சர்ஜ் கோட் வாங்கினா தீராது, இன்னும் மோசமாகலாம். சிக்னல் கேபிளால இணைச்சதெல்லாம் ஒரே கோட்டுல இருக்கணும். சப்வூஃபரோட பவர் ஒயரை நீட்டி மேசைக்கே கொண்டு வாங்க.

ஊவா பாஸ்:
அப்போ 4000 ஜூலா, 2000 ஜூலா?

மின்னோடி:
ஜூல்ங்கிறது கோட் எவ்வளவு சர்ஜ் சக்தியை விழுங்கும்ங்கிற கணக்கு, கடைசியா பார்க்க வேண்டியது அது. மூணு எம்ஓவியையும் கூட்டிப் பெரிய நம்பரா போடுவாங்க. உள்ளே 20 மில்லிமீட்டர் வட்டு, 431கேன்னு எழுதினது இருந்தா நல்லது. 275 வோல்ட்டுக்கானது, 100 ஆம்பியர்ல 710 வோல்ட்ல பிடிக்கும். அதை ஒட்டி தெர்மல் ஃபியூஸ் கட்டாயம். எம்ஓவி தேஞ்சா சூடாகும், தெர்மல் ஃபியூஸ் இல்லாத கோட் மரப் பலகைச் சுவர் வீட்டுல தீப்பெட்டி மாதிரி. பச்சை லைட் அணைஞ்சா கோட்டைத் தூக்கிப் போடுங்க, கரண்ட் வருதேன்னு வச்சிருக்காதீங்க.

தலவாக்கலை வயர்மேன்:
தோட்டத்து லயத்து வீட்டுல பக்கத்து காம்பராவுல இருந்து ரெண்டே ஒயர் இழுத்திருந்தா எர்த்தே கிடையாது. அங்க கோட்டுல லைவ்-நியூட்ரல் எம்ஓவிதான் உருப்படியா வேலை செய்யும். முதல்ல எர்த்தும் ட்ரிப் சுவிட்சும் போடுங்க, பாட்டு பிறகு கேட்கலாம்.

குழாய் ஆம்ப்:
ஸ்டெபிலைசரை யாரும் தொடலையே? அண்ணே மூணையும் வைக்கச் சொன்னார்.

தலவாக்கலை வயர்மேன்:
நியூட்ரல் அறுந்தா அது காப்பாத்தும்னு நினைச்சுத்தான் சொன்னேன்.

மின்னோடி:
காப்பாத்தாது அண்ணே. கம்பத்துல நியூட்ரல் கழன்டா வீட்டுக்குள்ள வோல்டேஜ் 400 பக்கம் போகலாம், அதுவும் நிமிஷக் கணக்குல. எஸ்பிடியும் கோட்டும் மைக்ரோ செக்கனுக்குச் செஞ்சது, அதுல வெந்துடும். சர்வோ ஸ்டெபிலைசர் மோட்டார் சுத்தித்தான் சரிபண்ணும், அதோட 400 அதன் எல்லைக்கு வெளியே. இதுக்கு ஓவர் வோல்டேஜ் ரிலேன்னு போர்டுலயே ரெண்டு மொடியூல் அகலத்துல கிடைக்குது. மேல் எல்லை 265, கீழ் எல்லை 180, திரும்பக் கொடுக்க 3 நிமிஷம்னு வைங்க. ஸ்டெபிலைசர் காசு அதுக்குப் போதும்.

தலவாக்கலை வயர்மேன்:
லைன் கடைசியில இருக்கிற வீட்டுல 190 வோல்ட்தான் வருது. ஃப்ரிட்ஜுக்கு ஸ்டெபிலைசர் வேணும். ஆம்புக்கு வேண்டாம்னா விடுறேன்.

குழாய் ஆம்ப்:
டிஷ் கேபிளை மறந்துட்டீங்க. கூரையில தகரத்துக்கு மேல நிக்குது. அதுக்குத் தனி ராட் அடிச்சிருப்பாங்க.

மின்னோடி:
தனி ராட்தான் வினை. ரெண்டு ராடுக்கும் நடுவுல உள்ள வித்தியாசம் முழுக்க டிவி, எச்டிஎம்ஐ, டிஏசி, ஆம்ப்னு ஓடும். கேபிள் வீட்டுக்குள்ள வர்ற இடத்துல கிரவுண்ட் பிளாக் (கேபிளோட ஷீல்டை எர்த்தோட இணைக்கிற துண்டு) வச்சு, போர்டு எர்த் பாரோட சேருங்க. தனி ராட் இருந்தா அதையும் அதே பாரோட கட்டுங்க. இதனால 50 ஹெர்ட்ஸ் ம்ம்ம்னு ஹம் வந்தா கேபிள்ல ஐசொலேட்டர் போட முடியாது, டிஷ் தலைக்கு 13/18 வோல்ட் அதே கேபிள்லதான் போகுது. டிவில இருந்து டிஏசிக்கு ஒப்டிகல் கேபிள் போடுங்க. பிளாஸ்டிக் இழை, உலோகம் கிடையாது. ஹம்மும் போகும், சர்ஜுக்கு அந்த வழியும் அடைபடும். ரவுட்டருக்கு வைஃபை போதும், ஈதர்நெட் ஒயர் செட்டுக்கு வேண்டாம்.

குழாய் ஆம்ப்:
ஒப்டிகல் யோசனையை ஏத்துக்கிறேன். கூரை மேலயே விழுந்தா?

தலவாக்கலை வயர்மேன்:
டைப் 2 அதுக்கு இல்லை. யாரும் அப்படிச் சொல்லலை. மேட்டுல தனியா நிக்கிற வீடுன்னா இடி வர முன்னாலேயே ப்ளக்கையும் டிஷ் கேபிளையும் ரெண்டையும் கழற்றுங்க, தலைக்கு மேல முழங்கும்போது கை வைக்காதீங்க. சுவர் சுவிட்சை ஓஃப் பண்ணினா பத்தாது, அது லைவை மட்டும் சில மில்லிமீட்டர் பிரிக்கும். வீட்டுல ஆள் இல்லாத நாளுக்குத்தான் எஸ்பிடி.

ஊவா பாஸ்:
சரி. போர்டுல மொடியூல் இடம் ஒண்ணும் மிச்சமில்லை. பக்கத்துல சின்னப் பெட்டி வச்சா 50 சென்டிமீட்டர் தாண்டிடுமே?

தலவாக்கலை வயர்மேன்:
கிளை ஒயர் இழுக்காதீங்க. மெயின் சுவிட்ச்ல இருந்து வர்ற லைவும் நியூட்ரலும் எஸ்பிடி டெர்மினலுக்குப் போய், அதே டெர்மினல்ல இருந்து ட்ரிப் சுவிட்சுக்குத் திரும்பட்டும். ஒரு ஓட்டைக்குள்ள ரெண்டு ஒயர், வி எழுத்து மாதிரி. அப்போ லைவ் பக்கக் கால் நீளம் கணக்குல வராது, எர்த் மட்டும்தான். அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே ஒரு எர்த் பார் வைங்க, ராட்ல இருந்து வர்ற ஒயர் முதல்ல அங்க வந்து பிறகு போர்டுக்குப் போகணும். டெர்மினல் 30 ஆம்பியர் தொடர்ந்து தாங்குமான்னு எஸ்பிடியோட வர்ற தாள்ல பார்த்துட்டு வாங்குங்க. மீட்டர் பக்கத்து சீலை யாரும் தொட வேண்டாம்.