வியட்நாமில் ஜெபத்துக்குச் சிறை இல்லையாமே!

மலைப்பாதை:
நேற்று வேறொரு திரியில் தோழர் செவ்வானம் எழுதியது: "வியட்நாமில் மதத்துக்காக ஒருவர்கூடச் சிறையில் இல்லை. பதிவு செய்துகொண்டால் யாரும் தொடமாட்டார்கள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. மத்திய மலைநாட்டில் உள்ள தாக் லாக் மாகாணத்தின் எடே என்ற மலைவாழ் இனத்தவர் இ கிரெக் பியா, பதிவில்லாத ஒரு சுவிசேஷ சபையின் ஊழியர். 2023 ஏப்ரல் 8, ஈஸ்டருக்கு முந்தைய நாள் கைது. 2024 மார்ச்சில் 13 ஆண்டுச் சிறை. இவர் எந்தக் கணக்கில் வருகிறார்?

செவ்வானம்:
குற்றவியல் சட்டம் 116ஆம் பிரிவு என்ற கணக்கில் வருகிறார். தேசிய ஒற்றுமைக் கொள்கையைக் குலைத்த குற்றம். பதிவு செய்யாததற்குச் சிறை என்று எந்தப் பிரிவு சொல்கிறது? எண்ணைக் கொடுங்கள், பேசலாம்.

மலைப்பாதை:
எண் வேண்டுமா? 331. ஃபூ யென் மாகாணத்தில் அதே சபைக்காரர் ஒருவருக்கு 2024 ஜனவரியில் நாலரை ஆண்டு. வீட்டில் ஆட்களைச் சேர்த்து ஜெபம் நடத்தினார் என்று அரசு ஊடகமே குற்றப்பட்டியலில் எழுதியது. 'ஜனநாயக உரிமைகளைத் தவறாகப் பயன்படுத்தினார்' என்பது அந்தப் பிரிவின் வாசகம். ஜெபத்துக்கு எவ்வளவு அழகான பெயர்!

செவ்வானம்:
331இல் 'பதிவு' என்ற சொல்லே இல்லை. நான் கேட்ட பிரிவு இன்னும் வரவில்லை.

பூவரசு:
இருவரும் எண் விளையாட்டு ஆடுகிறீர்கள். அந்த மலைவாசிகளுக்கு அறுபதுகளில் துப்பாக்கி கொடுத்துப் பழக்கியது அமெரிக்கச் சிறப்புப் படை. ஃபுல்ரோ என்ற ஆயுத இயக்கம் 1992 வரை காட்டில் இருந்தது. 2023 ஜூனில் அதே தாக் லாக்கில் இரண்டு கம்யூன் (ஊராட்சி மாதிரி) அலுவலகங்களைத் தாக்கி 9 பேரைக் கொன்றார்கள். எந்த அரசு சும்மா இருக்கும்?

மலைப்பாதை:
பூவரசு அண்ணாச்சி, நாட்காட்டி கையில் இருக்கிறதா? பியாவைப் பிடித்தது ஏப்ரலில், தாக்குதல் ஜூனில். சிறைக்குள்ளிருந்து வந்து சுட்டாரா?

இன்னொன்று. 2001இலும் 2004 ஈஸ்டரிலும் அந்த மக்கள் தெருவுக்கு வந்தது வழிபாட்டுக்காக மட்டுமல்ல, நிலத்துக்காகவும்தான். சமவெளியிலிருந்து பெரும்பான்மையினரான கின் இனத்தவர் குடியேற, காட்டு நிலமெல்லாம் காப்பித் தோட்டமாகிவிட்டது. நீங்கள் குடிக்கும் இன்ஸ்டன்ட் காப்பியில்கூட அது இருக்கலாம். நிலம் போனவன் கோயிலிலாவது கூடுவான், அங்கேயும் போலீஸ். அங்கீகாரம் பெற்ற தென் வியட்நாம் சுவிசேஷ சபையில் சேர்ந்துவிடு என்று நெருக்குகிறார்கள். 2018இல் அமலுக்கு வந்த மதச் சட்டப்படி முதலில் பதிவு, அப்புறம் அங்கீகாரத்துக்கு 5 ஆண்டு. பதிவு கேட்டால் கொடுக்க வேண்டியதும் அதே அரசு, மறுத்துவிட்டுப் பிடிப்பதும் அதே அரசு. இந்தச் சூத்திரத்துக்குப் பிரிவு எண் கேட்கிறார் நம் தோழர்.

செவ்வானம்:
காப்பி, நிலம், போலீஸ். கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம். பிரிவு எண்?

கடலோடி:
மதச் சுதந்திரத்தை மீறும் 'கவலைக்குரிய நாடுகள்' பட்டியலில் 2004இல் வியட்நாமைச் சேர்த்த அமெரிக்கா, உலக வணிக அமைப்பில் அது சேரும் நேரத்தில், 2006இல் நீக்கியது. இந்த லட்சணத்தில் மதச் சுதந்திரம் பேச வந்துவிட்டார்கள்.

மலைப்பாதை:
அமெரிக்கா நாடகமாடினால் பியாவின் 13 ஆண்டு குறைந்துவிடுமா? அமெரிக்காவைப் பற்றிப் பேச வேண்டுமானால் தனித் திரி தொடங்குங்கள், முதல் ஆளாக வந்து திட்டுகிறேன்.

செவ்வானம்:
சின்ஜியாங் திரியில் என் பின்னூட்டத்தை நீக்கச் சொல்லி நிர்வாகியிடம் புகார் கொடுத்தது நீங்கள்தானே? கருத்துரிமைக் காவலர்!

மலைப்பாதை:
நீக்கச் சொன்னது நீங்கள் என் அம்மாவை இழுத்ததற்கு. அதற்கும் பிரிவு எண் வேண்டுமா?

பூவரசு:
நான் ஜூன் தாக்குதலைச் சொன்னது பியாவை வைத்தல்ல, பொதுவாக. அதற்கு நூறு பேரை நிறுத்தி விசாரித்து, பத்துப் பேருக்கு ஆயுள் கொடுத்தார்கள். அதையும் ஜெபக்கூட்டம் என்பீர்களா?

மலைப்பாதை:
கொலைக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் எங்கே எழுதினேன்? அந்த வரியை எடுத்துப் போடுங்கள் அண்ணாச்சி. தோழருக்கு: 116க்கு 15 ஆண்டு வரை, 331க்கு 7 ஆண்டு வரை. பதிவில்லாதவனை இரண்டில் எதிலும் போடலாம், அதனால்தான் தனிப் பிரிவு தேவைப்படவில்லை.

செவ்வானம்:
அதாவது தனிப் பிரிவு இல்லை. நேற்று நான் எழுதியதும் அதேதான்.

கடலோடி:
பூவரசு, நீங்களும் செவ்வானமும் ஒரே ஆளா? இருவருக்கும் எப்போதும் ஒரே நேரத்தில்தான் பதில் வருகிறது.

பூவரசு:
போன வருடமும் இதையே கேட்டீர்கள். ஐபி முகவரியை நிர்வாகியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.