கண் போன்ற புள்ளிகளுடைய சொடுக்கு வண்டு: இனத்தை உறுதிசெய்ய உதவி தேவை

கடந்த மே மாத இறுதியில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து ஸ்மோக்கி மலைக் காட்டில், பட்டுப்போன பைன் மரத்தடியில் சுமார் 4 செ.மீ. நீளமுள்ள வண்டு ஒன்றைக் கண்டேன். அதன் முன்மார்பின் (தலைக்கு அடுத்துள்ள உடல்பகுதி) மேல் பெரிய கண்களைப் போன்ற இரு கரும்புள்ளிகள் இருந்தன. உண்மையான கண்களோ தலையின் முன்பக்கத்தில் மிகச் சிறியவை. மல்லாந்து விழுந்ததும் 'டக்' என்ற ஓசையுடன் துள்ளி நிமிர்ந்ததால், அது சொடுக்கு வண்டுக் குடும்பம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவ்வளவு அழகான பூச்சியை நான் அதுவரை பார்த்ததில்லை.

படத்தை இரண்டு செயலிகளில் ஏற்றியபோது, ஒன்று அலாவஸ் ஆக்குலேட்டஸ் என்றும் மற்றது அலாவஸ் மையாப்ஸ் என்றும் காட்டின. முன்னதற்கு வட்டமான புள்ளியும் தெளிவான வெள்ளை வளையமும், பின்னதற்கு ஒடுங்கிய புள்ளியும் மங்கலான வளையமும் இருக்கும் என்று கையேட்டில் படித்தேன். நான் கண்டதில் புள்ளி ஒடுங்கியிருக்கிறது, வளையமோ ஓரளவு தெளிவாகத் தெரிகிறது. மையாப்ஸ் பெரும்பாலும் பைன் மரங்களை ஒட்டி வாழ்வது என்பதால், பைன் மரத்தடியில் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், இதை மையாப்ஸ் என்று உறுதியாகக் கொள்ளலாமா?