வெளிச்சம் இருந்தும் பிழை: ஃபைபரில் நீங்கள் கண்ட சமிக்ஞைச் சிதைவுகள்

சாவகச்சேரி, களப்பணியாளர்:

ஃபைபரில் கோளாறு என்றால் எல்லோரும் முதலில் ஒளியின் வலுவை அளக்கும் பவர் மீற்றரைத்தான் தூக்குகிறார்கள். அளவு சரியாக இருந்தால் "ஃபைபரில் குறையில்லை" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இந்தப் பழக்கத்தின் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு.

யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் இடையே, ஏ9 வீதியோரமாக, சுமார் 140 கிலோமீற்றர் நீளமான 10 ஜிகாபிற் இணைப்பு. நடுவில் பெருக்கி, வந்து சேரும் ஒளி தாராளம். ஃபைபருக்குள் ஒளியை அனுப்பித் திரும்பிவருவதைக் கொண்டு குறையைக் காட்டும் ஓ.ரி.டி.ஆர். கருவியின் வரைபில் ஒட்டுகள் எல்லாம் சுத்தம். ஆனாலும் பிழைகள் ஓயவில்லை. வந்த ஆலோசகர் பெருக்கியின் வலுவைக் கூட்டச் சொன்னார். கூட்டியும் பயனில்லை. பெருக்கிக்கு ஒளியைக் கூட்டத்தான் தெரியும்; தகவலைச் சுமந்து வரும்போது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்துவிட்ட ஒளித்துடிப்புகளையும் அப்படியே கூட்டித்தான் தரும்.

காரணம் நிறப்பிரிகை: நிறத்துக்கு நிறம் ஒளியின் வேகம் மாறுவதால் துடிப்பு போகப்போக விரிவது. 1550 நனோமீற்றர் அலைநீளத்தில் சாதாரண ஃபைபர், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும், நிறமாலை அகலத்தின் ஒவ்வொரு நனோமீற்றருக்கும், துடிப்பைச் சுமார் 17 பிக்கோ செக்கன் விரிக்கிறது. 140 கிலோமீற்றருக்கு அது நனோமீற்றருக்கு 2,380 பிக்கோ செக்கன். "80 கிலோமீற்றர்" என்று விற்கப்படும், ஒளியை அனுப்பிப் பெறும் கருவி 1,600 அளவில் தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் இல்லை. எதிர்மறை நிறப்பிரிகை கொண்ட ஈடுசெய் ஃபைபர்ச் சுருளைப் பொருத்திய அன்றே பிழை நின்றது. ஆலோசகர் அதன்பின் அந்தப் பக்கம் வரவில்லை.

கோண்டாவில், வெளிநாட்டில் பணியாற்றித் திரும்பியவர்:

தம்பி வாங்கிப் பொருத்திய அதே வகைச் சுருள்களை நான் கழற்றி ஒதுக்கிய கதை இது.

வேகம் நான்கு மடங்கானால் நிறப்பிரிகையைத் தாங்கும் தூரம் பதினாறில் ஒன்றாகச் சுருங்கும். அதனால் 40 ஜிகாபிற்றுக்குப் போனபோது ஈடுசெய்தலை மிக நுணுக்கமாகச் செய்ய வேண்டியிருந்தது. வெயிலும் குளிரும் மாறினால்கூடக் கணக்குப் பிசகும். பிறகு ஓரியல்பு வாங்கிகள் வந்தன. ஒளியின் வலுவை மட்டும் பார்க்காமல் அதன் கட்டத்தையும் (அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது) இரு முனைவாக்கங்களையும் (அலை அதிரும் திசைகள்) சேர்த்தே அளப்பவை. தகவல் முழுதாகக் கைக்கு வந்துவிட்டால் நிறப்பிரிகையைச் சிப் ஒன்றே எண்கணக்காக நீக்கிவிடும். கம்பங்களில் தொங்கும் கேபிள் காற்றில் ஆடும்போது முனைவாக்கம் நொடிக்கு நொடி மாறும். அதையும் அதுவே தொடர்ந்து பின்பற்றிச் சரிசெய்யும்.

எங்கள் தடத்தை 100 ஜிகாபிற்றுக்கு மாற்றியபோது சுருள்களை எடுத்துவிட்டால் இணைப்பு இன்னும் நன்றாகும் என்று வடிவமைப்பாளர்கள் சொன்னார்கள். பழைய ஆட்கள் நம்பவில்லை. ஆனால் அதுதான் நடந்தது. ஒவ்வொரு பெருக்கியிலும் துடிப்பை ஒழுங்குக்குக் கொண்டுவந்தால், அது ஒவ்வொரு முறையும் கூர்மையாக நின்று ஃபைபரின் ஒளிவிலகல் சுட்டியைத் தானே அசைக்கிறது. அந்தச் சிதைவுகள் ஒரே வாக்கில் சேர்ந்து வளர்கின்றன. விரியவிட்டால் அவை ஓரளவு சிதறிப்போகும். சிக்கல் என்னவென்றால், அதே தடத்தில் பழைய 10 ஜிகாபிற் வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். அவர்களுக்குச் சுருள் வேண்டும். அவர்களை வேறு தடத்துக்கு மாற்ற நடந்த கூட்டங்களை நினைத்தால் பொறியியலே இலகு என்று தோன்றும்.

கிளிநொச்சி, பொறியியற் பீட மாணவி:

ஐயா குறிப்பிட்ட அந்தக் கடைசிச் சிதைவுதான் என் இறுதியாண்டு ஆய்வு. ஒளி தன் வலுவாலேயே தன் கட்டத்தைக் கெடுத்துக்கொள்ளும் கெர் விளைவு. வந்து சேர்ந்த சமிக்ஞையை, ஃபைபரில் ஒளி செல்வதை விவரிக்கும் சமன்பாட்டின் குறிகளை மாற்றி, அதன் வழியே கணினிக்குள் பின்னோக்கி அனுப்பினால், புறப்பட்ட வடிவம் திரும்பக் கிடைக்க வேண்டும். ஃபைபரைச் சிறு துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் நிறப்பிரிகையையும் கெர் விளைவையும் மாறி மாறி நீக்க வேண்டும்.

ஒரே அலைவரிசை என்றால் விடை கண்ணைக் கவரும். அதே ஃபைபரில் வேறு அலைநீளங்களில் ஓடும் பக்கத்து அலைவரிசைகளைச் சேர்த்தவுடன் ஆதாயம் கரைந்துவிடுகிறது. அவை என்ன அனுப்பின என்பது என் வாங்கிக்குத் தெரியாது. அவற்றால் வந்த சிதைவை எதைக் கொண்டு கழிப்பது? பெருக்கிகளின் இரைச்சலும் அப்படித்தான், அதற்குப் பின்னோக்கிய வழியே கிடையாது. துண்டுகளைக் கூட்டினால் துல்லியம் வரும், கணிப்பு வேலையும் கூடும். உண்மையான சிப் ஒன்றில் அவ்வளவு மின்சாரத்தை யார் தருவார்கள்? இப்போது ஒவ்வொரு துண்டையும் நரம்பு வலையமைப்பின் ஓர் அடுக்காக எடுத்து, குறைந்த துண்டுகளோடு பயிற்றுவித்துப் பார்க்கிறேன்.

நல்லூர், வீட்டுப் பயனர்:

எங்கள் வீட்டு ஃபைபர் இரவில் மெதுவாகிறது. அதற்கும் இந்த நிறப்பிரிகைதான் காரணமா?

சாவகச்சேரி, களப்பணியாளர்:

இல்லை அக்கா. ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஜிபொன் முறையில் வீட்டுக்கு வரும் தொகுதி 2.5 ஜிகாபிற் அளவுதான், தூரமும் பொதுவாக 20 கிலோமீற்றருக்குள். அங்கே நிறப்பிரிகை பெரிய பொருட்டே இல்லை. அந்தத் தொகுதியையும் பல வீடுகள் பங்கிடுகின்றன. இரவில் எல்லோரும் ஒன்றாக இணையத்தைப் பயன்படுத்தும்போது வேகம் குறையும். முதலில் கணினியை ரவுட்டரோடு கேபிளால் நேரடியாக இணைத்துப் பாருங்கள், வைஃபையை அணைத்துவிட்டு. அப்போதும் மெதுவாக இருந்தால் சுவரோரம் அந்த மஞ்சள் ஃபைபர் கயிறு எங்கே மடிந்திருக்கிறது என்று படம் எடுத்துப் போடுங்கள்.