வீதிப் புகையும் உடற் கலங்களின் முதுமையும்

கேள்வி (கல்முனை):
வணக்கம். எனது தந்தையாரின் கடை பிரதான வீதியை ஒட்டியே இருக்கிறது. காலையில் துடைத்த கண்ணாடி அலுமாரியில் மாலைக்குள் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி படிந்துவிடுகிறது. இந்தப் புகை உடலின் கலங்களையே விரைவில் முதுமையடையச் செய்யும் என்பது உண்மையா? அவரை நினைத்தே கேட்கிறேன்.

பதில் (மட்டக்களப்பு):
சகோதரி, அதற்கு ஆதாரம் உண்டு. மரபுப் பொருளைத் தாங்கும் நிறமூர்த்தங்களின் முனைகளைக் காக்கும் தெலோமியர்கள், கலம் பிரியும்போதெல்லாம் சற்றுக் குறுகுகின்றன; அவை மிகவும் குறுகிவிட்டால் கலம் முதுமையடைகிறது. டீசல் புகையின் நுண்துகள்கள் அழற்சியையும் ஒட்சியேற்ற அழுத்தத்தையும் (தீவிர ஒட்சிசன் மூலக்கூறுகள் கலத்தைச் சேதப்படுத்தும் நிலை) உண்டாக்குவதால் அந்தக் குறுக்கம் விரைவுபடலாம். இத்தாலியின் மிலான் நகரில் போக்குவரத்துப் பொலிஸாரையும் அலுவலக ஊழியர்களையும் ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வில், வீதியில் கடமையாற்றியவர்களின் வெண்குருதிக் கலங்களில் தெலோமியர்கள் குறுகியிருந்தன.

பதில் (அக்கரைப்பற்று):
அந்த மிலான் ஆய்வு ஒரே காலத்தில் எடுத்த ஒப்பீடு என்பதால், புகைதான் காரணம் என்று அதை மட்டும் வைத்து அறுதியிட முடியாது. ஆயினும் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நேரும் கேடு ஐயமற்றது. 2.5 மைக்ரோமீற்றருக்கு உட்பட்ட நுண்துகள்களின் ஆண்டுச் சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் விதந்துரைக்கும் அளவு, 2021இல் கனமீற்றருக்கு 10 மைக்ரோகிராமிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. துணி முகக்கவசம் இவற்றைப் பெரிதாகத் தடுக்காது. தந்தையாரின் இருக்கையை வீதியோரத்திலிருந்து உள்ளே நகர்த்துங்கள். வாசலில் நிற்கும் முச்சக்கர வண்டிக்காரர்களிடம் எஞ்சினை நிறுத்தி வைக்கும்படி தயங்காமல் கேளுங்கள்.