அறிவியல் கதை வாசிப்பதில் ஆன்மிகம் இருக்கிறதா?

காளங்கிக்கரை:
ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் இருக்கும் சூலூர்பேட்டையில் சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் சிலர் கூடி அறிவியல் கதைகள் வாசிக்கிறோம். ஷாரில் (ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளத்தில்) வேலை செய்பவர்கள், தடா கம்பெனிகளில் ஷிப்ட் பார்ப்பவர்கள், காலேஜ் பிள்ளைகள், ஒரு மளிகைக்கடைக்காரர். பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. சமீபத்தில் ஒரு கதை வாசித்தோம். தூரத்து நட்சத்திரத்துக்குக் கப்பல் கிளம்புகிறது. ஏறியவர்கள் யாரும் போய்ச் சேரப்போவதில்லை, பேரப்பிள்ளைகள்தான் இறங்குவார்கள். வாசித்து முடித்ததும் மளிகைக்கடைக்காரர் தன் தாத்தாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து இங்கே கடை போட்டவர், கடைசிவரை தெலுங்கு சரியாக வரவில்லையாம், ஊருக்குத் திரும்பவும் முடியவில்லையாம். இத்தனை வருடப் பழக்கத்தில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குக் கோயிலில் கிடைக்காத ஏதோ ஒன்று அன்று கிடைத்தது. அதை ஆன்மிகம் என்றுதான் சொல்வேன்.

தமிழாசிரியர், தடா:
தம்பி, நல்ல கூட்டம். ஆனால் ஆன்மிகம் என்று சொல்ல அவசரப்படாதீர்கள். அண்டத்தின் அளவைக் கண்டு திகைப்பது நமக்குப் புதிதில்லை. மாணிக்கவாசகர் திருவாசகத்தின் திருவண்டப் பகுதியில் நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்த அண்டங்களைச் சொல்கிறார். வீட்டுக்குள் நுழையும் வெயிலில் தெரியும் தூசு போல அவை சிறிதாகும்படி ஒருவன் பெரியவனாக நிற்கிறான் என்கிறார். அவர் வியப்பு போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. உங்கள் வியப்பு எங்கே போய்ச் சேருகிறது? ராக்கெட் ஏவுவதற்கு முன்னால் இஸ்ரோ தலைவர்களே நம் செங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டுப் போவதை ஊரே பார்த்திருக்கிறதே.

ஆரம்பாக்கம் வாசகி:
ஐயாவுக்கு இது ஆன்மிகமாகப் போதவில்லை. எனக்கோ இது ஆன்மிகமாகிவிடுமோ என்று பயம். அமெரிக்காவில் 1961இல் வந்த ஒரு செவ்வாய்க் கிரகத்து நாவலைப் படித்துவிட்டு அடுத்த வருடமே ஒரு சபை தொடங்கினார்கள். கதையில் வருவது போலவே தண்ணீரைப் பகிர்ந்து குடிப்பது அவர்களுக்குச் சடங்கானது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3,90,000 பேர் மதம் என்ற இடத்தில் ‘ஜெடாய்’ என்று எழுதினார்கள். அது விண்வெளிப் படத்தில் வரும் வீரர் கூட்டம். நிறையப் பேர் விளையாட்டாக எழுதியிருக்கலாம். ஆனால் உண்மையாகவே நம்பியவர்களும் இருந்தார்கள், ஜெடாய் அமைப்பு ஒன்று தன்னை மத அறக்கட்டளையாகப் பதிவு செய்யக் கேட்டு விண்ணப்பித்தது. 2016இல் அங்குள்ள அறக்கட்டளை ஆணையம் மறுத்துவிட்டது. “இந்தக் கதை தப்பு” என்று தைரியமாகச் சொல்ல முடிகிறவரைக்கும்தான் அது நமக்கு உதவும். சடங்கு வந்துவிட்டால் அப்படிச் சொல்பவரை முதலில் வெளியே அனுப்புவார்கள்.

காளங்கிக்கரை:
அக்கா, எங்கள் கூட்டத்தில் சண்டை இல்லாத சனிக்கிழமையே கிடையாது. யாரும் எதையும் கும்பிடவில்லை.
ஐயா, வியப்பு எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டீர்கள். 2019 செப்டம்பர் 7 அதிகாலை, நிலவின் தரையைத் தொடுவதற்குச் சற்று முன் சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டரின் தொடர்பு அறுந்தது. அந்த வாரம் ஷார்காரர்கள் எங்கள் கூட்டத்துக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். தோற்றுப்போன ஒரு பயணத்தைப் பற்றிய கதையைக் காலேஜ் பையன் ஒருவன் வாசித்தான். ஆறுதல் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதை முடிந்ததும் அவர்களே பேசத் தொடங்கினார்கள். எங்கள் வியப்பு பக்கத்தில் இருப்பவரிடம் போய்ச் சேருகிறது, ஐயா. எனக்கு அது போதும்.

பழவேற்காட்டான்:
ராக்கெட் விடும் நாளில் நாங்கள் கடலுக்குப் போகக் கூடாது. அன்றைய வருமானம் போச்சு. அந்த ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் முன்னால் ஊர்கள் இருந்தன, யானாதிப் பழங்குடிகள் இருந்தார்கள். ஏவுதளத்துக்காகக் காலி செய்தார்கள். வானத்தைப் பார்த்து உருகுகிறவர்கள் கீழே இருப்பவர்களைப் பற்றியும் வாசிக்கிறீர்களா?

காளங்கிக்கரை:
போதுமான அளவு வாசிக்கவில்லை, அண்ணே. ஆனால் இந்த வகைக் கதைகளில் நல்லவை பலவும் உங்கள் கேள்வியைத்தான் கேட்கின்றன. ஒரு கிரகத்தில் கப்பல் இறங்கும்போது அங்கே ஏற்கெனவே வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று. அப்படி ஒரு கதையை அடுத்த வாரம் எடுக்கிறோம். நீங்கள் வந்து வாசியுங்கள், ஷார்காரர்கள் கேட்கட்டும்.

தமிழாசிரியர், தடா:
இவ்வளவும் சரி. உங்களில் ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால்? எங்களுக்குப் பாட சிவபுராணம் இருக்கிறது. எழுத்துத் தெரியாத கிழவிக்கும் அது மனப்பாடம். உங்களுக்கு என்ன இருக்கிறது?

காளங்கிக்கரை:
பாட ஒன்றும் இல்லை. அது பெரிய குறைதான், மறுக்க மாட்டேன். மளிகைக்கடைக்காரரின் அம்மா இறந்தபோது நாங்கள் எல்லாரும் போனோம், பாடை கட்டினோம், காடுவரை நடந்தோம். அங்கே சிவபுராணம் பாடியது அவருடைய சொந்தக்காரர்கள்தான். நாங்கள் கேட்டுக்கொண்டு நின்றோம்.

தமிழாசிரியர், தடா:
பாட்டு இல்லாத இடத்தை ஆன்மிகம் என்று நான் இன்னும் ஒப்பவில்லை. ஆனால் காடுவரை நடந்தீர்களே, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆரம்பாக்கம் வாசகி:
பழவேற்காட்டு அண்ணன் வருவதாக இருந்தால் நானும் வருகிறேன். அவர் கேட்ட கேள்விக்கு யாராவது சமாதானம் சொல்லி முடித்துவிடப் பார்த்தால், அங்கேயே சண்டை போடுவேன்.