போர்ட் ஒயின் லேபிள் பாத்து ஏமாந்தவங்க யாராவது இருக்கீங்களா

கடைசி_பெஞ்ச்:
நாலு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. மாமனார் ரிடையர்மெண்டுக்கு உடைக்கலாம்னு 20 வருஷ டானி (மரப்பீப்பாய்லயே வளர்ந்த போர்ட்) ஒண்ணு சென்னைல பீரோ மேல வச்சிருந்தோம், போர்ச்சுகல்ல இருந்து அவர் ஃப்ரெண்டு கொண்டு வந்தது. வர்றவங்க கிட்டல்லாம் "லேபிள்லயே 20, நம்ம வீட்ல ஒரு 17, மொத்தம் 37 மாப்ள"ன்னு கணக்கு சொல்லிட்டே இருப்பாரு. அன்னிக்கு திறந்தா கார்க் பாதில உடைஞ்சு உள்ள விழுந்துச்சு, வடிகட்டி ஊத்தினேன், திராட்சை ஊறின தண்ணி மாதிரி சப்புனு இருந்துச்சு. அவர் ஒரு வாய் வச்சாரு, "நல்லாருக்கு மாப்ள"ன்னு கிளாஸ மெதுவா கீழ வச்சிட்டு விஸ்கி பக்கம் போயிட்டாரு. அந்த கிளாஸ் கீழ வச்ச சத்தம் இருக்கே. அப்புறம்தான் பாட்டில திருப்பி பாத்தேன், பொடி எழுத்துல "எங்கரஃபாடோ எம் 2003". பாட்டில்ல அடைச்ச வருஷமாம். அதுக்கப்புறம் அது ஒரு நாள்கூட வளரலையாம்.

தேம்ஸ்_தமிழன்:
தம்பி, அந்த 20 வயசே இல்ல. பல வருஷத்து வைனைக் கலந்து, 20 வருஷம் பீப்பாக்குள்ள கிடந்த ருசி வருதோ எண்டு போர்ட்டோவில ஒரு குழு குடிச்சுப் பாத்துத்தான் அந்த நம்பரைக் குடுக்கிறது. நானும் சண்டை பிடிச்சனான். மகள் பிறந்த வருஷம் 1997 எண்டு போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில கயாவில ஒரு கொல்ஹெய்டா, அதுதான் ஒரே வருஷ அறுவடையை பீப்பாக்குள்ள வளத்த போர்ட், வாங்கினன், ஹோட்டலுக்கு வந்து பாத்தா பின்னால 2021 எண்டு கிடக்கு. பழைய லேபிளை புதுப் போத்தில்ல ஒட்டிப்போட்டாங்கள் எண்டு நினைச்சு திரும்ப ஓடினன். அந்தப் பிள்ளை ஒண்டும் கதைக்கேல்ல, ரெண்டு கிளாஸை வச்சு ரெண்டு போத்தில்ல இருந்து ஊத்தினா. ரெண்டும் 1997 அறுவடைதான், ஒண்டு 2009ல அடைச்சது, மற்றது 2021. முதலாவது இன்னும் சிவப்புத் தட்டுது, ரெண்டாவது சரியா எங்கட வீட்டு பிளேன்டீ நிறம். நான் வாயை மூடிக்கொண்டு வந்திட்டன்.

ஓசி_சோமெலியர்:
மேல ரெண்டு பேரும் சொல்றத படிச்சிட்டு போர்ட்டே பாட்டில்ல வளராதுன்னு நினைச்சிடாதீங்க. டானி, கொல்ஹெய்டா வளராது, அதெல்லாம் மரத்துலயே வளர்ந்து முடிஞ்சது. விண்டேஜ் அப்படி இல்ல, அறுவடை முடிஞ்சு ரெண்டு மூணு வருஷத்துலயே அடைச்சிடுவாங்க, மிச்ச ஆயுசு முழுக்க பாட்டிலுக்குள்ளதான். என் கதை சின்னது, 2015 எல்பிவிய (லேட் பாட்டில்ட் விண்டேஜ்) நிஜ விண்டேஜ்னு நினைச்சு கசின் கல்யாணத்துல பெருமையா குடுத்தேன், அவன் மாமா லேபிள்ல இருந்த 2019 மேல விரல வச்சு காட்டினாரு, அவ்ளோதான். நாலுல இருந்து ஆறு வருஷம் கழிச்சு அடைச்சா அது எல்பிவி. அதுலயும் மூடி கையால திருகி எடுக்கற மாதிரி இருந்தா பெரும்பாலும் வடிகட்டினது, பத்திரப்படுத்தாதீங்க, வாங்கினா குடிச்சிடுங்க. வடிகட்டாததுன்னா முந்தின நாளே நிக்க வச்சு, மண்டி அடில எறங்கினதும் மெல்ல வேற ஜாடிக்கு மாத்துங்க. க்ரஸ்டட்னு ஒண்ணு இருக்கு, அதுல போட்டிருக்கற வருஷமே அடைச்ச வருஷம்தான், அறுவடைன்னு நினைக்காதீங்க. 1970 விண்டேஜ் வரைக்கும் பீப்பாயோட லண்டனுக்குப் போய் அங்க அடைச்சதும் உண்டு, அதனால பழைய பாட்டில்ல ஏதோ ஒரு இங்கிலாந்து வியாபாரி பேர் இருந்தா போலின்னு கத்தாதீங்க. பழசுல ஒரு பக்கம் வெள்ளை பெயிண்ட் தீத்தியிருந்தா அந்தப் பக்கம் மேல இருக்கற மாதிரி படுக்க வைங்க. கடைசி_பெஞ்ச், சென்னை வெயில்ல பீரோ மேலயா வச்சீங்க? அதுக்கு லேபிள் என்ன பண்ணும்?

மைலாப்பூர்_மாமி:
எங்க சித்தப்பா கோப்கேன்னு ஒரு போர்ட் வாங்கிண்டு வந்து "1638 ஒயின்டி, மெட்ராஸே பொறக்கலை அப்போ"ன்னு ஒரு வாரம் காட்டிண்டிருந்தார். அது அந்தக் கம்பெனி ஆரம்பிச்ச வருஷம். யாரும் சொல்லலை. நானும் சொல்லலை.

கடைசி_பெஞ்ச்:
சோமெலியர் சார், பீரோவ வெயில்ல வைக்கல, ஹால்லதான் இருந்துச்சு. அத விடுங்க. இன்னொரு பாட்டில் இருக்கு, லேபிள்ல பாதிய பூச்சி அரிச்சிருச்சு, "198"ன்னு மட்டும் தெரியுது, கடைசி நம்பர் போச்சு, முன்னாடி இருந்த வார்த்தையும் போச்சு. இது அறுவடை வருஷமா அடைச்ச வருஷமா? மாமனார் தினம் அதத் துடைச்சு துடைச்சு வைக்கிறாரு.