நிச்சயதார்த்தச் சாப்பாடு மிஞ்சினால் யாரிடம் கொடுப்பது?

தெம்பனிஸ்வாசி:
அடுத்த மாதம் தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம், சமூக மன்றத்தில் 200 பேருக்கு பஃபே சொல்லியிருக்கிறோம். மாமா வீட்டு விசேஷத்தில் மிஞ்சிய பிரியாணியைக் கேட்டரிங் ஆட்கள் கண்ணெதிரிலேயே கறுப்புப் பையில் கொட்டிக் கட்டினார்கள், பார்க்கவே வயிறு எரிந்தது. யாருக்காவது கொடுக்கிறோம் என்றால் 'நேரம் தாண்டிவிட்டது, சட்டப் பிரச்சினை வரும்' என்கிறார்கள். நிஜமாகவே கொடுக்கக் கூடாதா?

சமையல்கட்டு:
நான் கேட்டரிங்கில்தான் இருக்கிறேன். அவர்கள் சொன்னது பாதி சரி. சமைத்த நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்பது கணக்கு, அந்த நேரத்தைச் சீட்டில் எழுதி ஒட்டியும் வைப்போம். காலை பத்துக்கு இறக்கிய பிரியாணி பன்னிரண்டரைக்கு மேசைக்கு வரும், மாப்பிள்ளை வீட்டார் போட்டோ எடுத்து முடித்துத் தட்டைத் தூக்க ஒன்றரை ஆகிவிடும், மிச்சம் அரை மணிதான், அப்புறம் எங்கே கொடுப்பது? எல்லாவற்றையும் ஒரேயடியாக மேசையில் பரப்ப வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள். கரண்டி படாமல் சூட்டுப் பெட்டியில் 60 டிகிரிக்கு மேல் மூடி வைத்திருப்பதைத்தான் தைரியமாகக் கொடுக்கலாம். விருந்தாளி கிளறிய தட்டை விட்டுவிடுங்கள்.

ரொட்டிரவுண்டு:
சட்டத்துக்குப் பயப்பட வேண்டாம். 2024 ஆகஸ்டில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் கொடுப்பவர்களைக் காப்பாற்றத்தான் வந்தது. கொடுக்கும்போது உணவு கெட்டிருக்கக் கூடாது, சுத்தமாகக் கையாண்டிருக்க வேண்டும், எப்படி வைப்பது, எத்தனை மணிக்குள் சாப்பிடுவது என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். சிக்கல் ஆள் கிடைப்பதில்தான். இங்குள்ள தொண்டு அமைப்புகளில் ஃபுட் ஃப்ரம் தி ஹார்ட் 2003-இல் பேக்கரிகளில் விற்காமல் போன ரொட்டியை எடுத்துக் கொடுப்பதில் ஆரம்பித்தது, ஃபுட் பேங்க் பெட்டிகளில் பிரிக்காத டின்னும் பாக்கெட்டும் போடலாம், வில்லிங் ஹார்ட்ஸ் அவர்களே சமைக்கிறார்கள். ஞாயிறு மதியம் திடீரென்று போன் போட்டு முப்பது பேர் சாப்பாடு இருக்கிறது என்றால் யார் ஓடி வருவார்கள்? வாங்கிக்கொள்ள ஒருவரை இப்போதே பேசி வையுங்கள், வண்டிக்கும் ஆள் பாருங்கள்.

வாடகைபுளோக்:
வசதி குறைந்தவர்களுக்கான ஓரறை வாடகை வீடுகள் உள்ள புளோக்கிலிருந்து எழுதுகிறேன். தீபாவளி சமயத்தில் ஒரே நாளில் இரண்டு மூன்று குழு வந்து கதவைத் தட்டும், எல்லார் கையிலும் பிரியாணி, கேசரி. பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி! சாதாரண செவ்வாய்க்கிழமையில் ஒருத்தரையும் காணோம். பக்கத்து வீட்டுப் பாட்டி பகலுக்கு பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிடுவார், பொட்டலம் நீட்டினால் "வேண்டாம்பா, கஷ்டப்படுறவங்களுக்குக் கொடு" என்பார். 2019-இல் எஸ்எம்யூ (சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம்) ஆய்வில் ஏறக்குறைய பத்தில் ஒரு குடும்பத்துக்குப் போதிய சாப்பாட்டுக்கு வழியில்லாத நேரம் வந்திருந்தது, அதில் பலர் கேட்கவே கூச்சப்பட்டவர்கள். பொட்டலத்தில் ஹலாலா, என்ன கறி, எத்தனை மணிக்குள் சாப்பிடணும் என்று எழுதுங்கள், மலாய்க் குடும்பங்களும் இருக்கிறார்கள்.

தெம்பனிஸ்வாசி:
சரி, எங்கள் பகுதிக் குடும்பச் சேவை நிலையத்தில் கேட்டுப் பார்க்கிறேன். ஆர்டரை 160 ஆக்கலாம் என்றால்தான் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, "பந்தியில பத்தலைன்னா மானம் போயிடும்" என்கிறார்.

சமையல்கட்டு:
அம்மாவோடு சண்டை வேண்டாம். சோறு 200 பேருக்கே இருக்கட்டும், கேசரியையும் வறுத்த மீ ஹூனையும் (அரிசி சேமியா) மட்டும் குறைத்துச் சொல்லுங்கள். எந்த விசேஷத்திலும் அவைதான் மிஞ்சும்.